182-ஆ, 320-ஆ: மலைப்பாதைக்கு எந்த சிவிக்?

ஹோண்டா சிவிக் ஆர்.எஸ். ஒன்றைப் புதிதாக இறக்குமதி செய்வதா, அந்தத் தொகையை வைத்துக்கொண்டு உள்நாட்டில் ஏற்கெனவே பதிவான பழைய சிவிக் டைப்-ஆர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா? நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் என் அக்காவின் மகன் கொஞ்ச காலமாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்து இந்தக் கேள்வியோடுதான் படுக்கிறான். அவன் கணக்குப்படி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகைக்குள் வந்துவிடுகின்றன. "மாமா, 320 எங்கே, 182 எங்கே?" என்பதுதான் அவனுடைய வாதத்தின் முதலும் முடிவும்.

குதிரைவலுவை மட்டும் பார்த்தால் அவன் சொல்வதில் பிழையே இல்லை. ஆனால் அவன் ஓட்டப்போவது பந்தயத்திடலில் அல்ல. நானுஓயாவுக்கும் கினிகத்தேனைக்கும் இடையில், முன்னால் ஒரு லொறி, பக்கத்தில் ஒரு வடிகான், எதிரே முழு வேகத்தில் இறங்கும் ஒரு தனியார் பஸ். என் பக்கம் எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அது ஒன்றுதான் கார் என்றால் ஆர்.எஸ். எடுப்பதுதான் சரி. டைப்-ஆர் மட்டமான கார் என்பதால் அல்ல. அது இரண்டில் மேலான கார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இருந்தும் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இத்தனை விளக்கம்.

ஆர்.எஸ். என்று நான் சொல்வது பதினோராம் தலைமுறை சிவிக்கில் 2024 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வகையை. 1,496 சீசீ டர்போ என்ஜின், 182 குதிரைவலு, 240 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, ஆறு கியர் மெனுவல் மட்டுமே. சாதாரண சிவிக்கைவிட இலகுவாகச் சுழலும் ஃப்ளைவீலும் இறுக்கிய சஸ்பென்ஷனும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: தாய்லாந்திலும் மலேசியாவிலும் ஆர்.எஸ். என்ற அதே எழுத்துகளை ஒட்டிக்கொண்டு ஒட்டோமெட்டிக் சிவிக்குகளும் ஹைபிரிட் சிவிக்குகளும் ஓடுகின்றன. அவையும் நல்ல வாகனங்கள்தான், ஆனால் இந்த ஒப்பீட்டில் சேராதவை. விற்பவர் "ஆர்.எஸ்." என்று சொன்னால் கிளட்ச் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

டைப்-ஆர் என்று நான் சொல்வது எஃப்.கே.8 என்ற குறியீட்டில் 2017 முதல் 2021 வரை இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஆலையில் செய்யப்பட்டதை. அந்த ஆலையையே 2021இல் மூடிவிட்டார்கள். 1,995 சீசீ டர்போ, 320 குதிரைவலு, 400 நியூட்டன் மீற்றர், முன்சக்கரங்களில் ஒன்று வழுக்கினாலும் மற்றதுக்கு வலுவை அனுப்பும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், தானாக இறுக்கத்தை மாற்றும் ஷொக் அப்சோபர்கள், முன்னால் பிரெம்போ பிரேக். இதுவும் மெனுவல் மட்டுமே.

இந்த இரண்டும் எப்படி ஒரே விலைத்தட்டில் வந்து உட்கார்ந்தன என்பது இலங்கைக்கு வெளியே யாருக்கும் புரியாது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. திறந்தபோது உற்பத்தி வரி என்ஜின் கொள்ளளவின்படி படிப்படியாக ஏறும் முறையில் இருந்தது. நம் நாட்டில் 1,500 சீசீ என்ற எண்ணுக்குக் கோயில் கட்டாததுதான் மிச்சம். 1,496 சீசீ என்றால் அந்தப் படிக்குக் கீழே தப்பிவிடுகிறோம். 1,995 சீசீ என்றால் ஒவ்வொரு சீசீக்கும் உரிய வரி வீதமே மேலே போய்விடுகிறது. கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடினால், வரி அதைவிடப் பல படி தாவுகிறது. அதற்குமேல் ஆடம்பர வரி, சுங்கத் தீர்வை, வற் வரி. எனவே புதிய டைப்-ஆர் என்பது நம்மைப் போன்றவர்களின் பேச்சிலேயே வராது.

பழைய எஃப்.கே.8 ஐ இப்போது ஜப்பானிலிருந்து கொண்டுவரவும் முடியாது. பாவித்த காருக்கு வயது எல்லை மூன்று ஆண்டுகள். ஆகவே உள்நாட்டில் கைமாறுபவை பெரும்பாலும் 2020க்கு முன் வந்து சேர்ந்த சிலதான். எண்ணிக்கை கூடுவதற்கு வழியே இல்லாத பொருளின் விலை இறங்க மறுப்பதில் வியப்பில்லை. டைப்-ஆர் பக்கம் உள்ள மிகப் பெரிய நியாயம் என் பார்வையில் இதுதான், குதிரைவலு அல்ல. நன்றாக வைத்திருந்தால் போட்ட காசு பெருமளவு திரும்பி வரும். ஆர்.எஸ். அப்படியல்ல. அரசாங்கம் ஒருநாள் வரியைக் குறைத்தால் நேற்று எடுத்தவன் தலையில் கைவைக்க வேண்டியதுதான்.

இனி மலைக்கு வருவோம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் என்றால் வலுவும் அதே விகிதத்தில் குறையும். டொயோட்டா ஜி.ஆர்.86 போன்ற ஓர் அழகான கார், ஜப்பானிய ஏட்டில் 235 குதிரைவலு என்று இருப்பது, கிரகரி ஏரிக்கரையில் 200க்குக் கீழே போய்விடும் என்பதால்தான் அதை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. சிவிக்குகள் இரண்டிலும் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருப்பதால் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. இதில் இரண்டும் சமம்.

சமமில்லாத இடம் கொண்டை ஊசி வளைவு. இறம்பொடை ஏற்றத்தில் ஒரு வளைவுக்குள் இரண்டாம் கியரில் மணிக்கு 25 கிலோமீற்றரில் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். என்ஜின் அப்போது 1,700, 1,800 சுற்றில்தான் இருக்கும். ஆர்.எஸ்.ஸின் 240 நியூட்டன் மீற்றரும் 1,700 சுற்றிலேயே முழுதாகக் கைக்கு வந்துவிடும். டைப்-ஆரின் 400 வருவதற்கு 2,500 சுற்று வேண்டும். அதே கியரில் அது மணிக்கு 35 கிலோமீற்றர். அதற்குள் பாதி வளைவு முடிந்து, அடுத்த வளைவின் வெள்ளைக் கல் தெரிய ஆரம்பித்திருக்கும். டைப்-ஆர் கீழ்ச்சுற்றில் திணறும் என்று சொல்லவில்லை, இரண்டு லீற்றர் என்ஜின் அங்கேயும் இழுக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்த மேலதிக வலு வேலை செய்ய இடம் வேண்டும். டைப்-ஆர் இரண்டாம் கியரிலேயே மணிக்கு 90 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். நகருக்கு வெளியே நமக்குச் சட்டம் அனுமதிப்பது 70. மிச்சமுள்ள நான்கு கியர்களையும் எங்கே பாவிப்பது? அதிவேகப் பாதையிலும் எல்லை 100தான், அதுவும் ஹற்றன் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மலையில் காரைச் சோதிக்கும். இங்கே மருமகனுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது. நுவரெலியாவிலிருந்து புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். டைப்-ஆரின் முன் டிஸ்க் 350 மில்லிமீற்றர், பிடிக்க நான்கு பிஸ்டன். அந்தச் சரிவு முழுவதும் அதன் பிரேக் சோர்ந்துபோகாது. ஆர்.எஸ்.ஸுக்குச் சாதாரண சிவிக்கைவிடப் பெரிய முன் டிஸ்க் போட்டிருக்கிறார்கள் என்றாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மெனுவல் கியர் என்பதால் இரண்டிலும் கியரைக் குறைத்து என்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கலாம். அதைப் பழகியவனுக்கு ஆர்.எஸ். பிரேக்கும் தாராளமாகப் போதும்.

ஆனால் 350 மில்லிமீற்றர் என்பது புதிதாக இருந்தபோது. ஐந்தாறு வருடம் ஓடிய டைப்-ஆரில் அந்த டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பேட் அசலா, பிரேக் எண்ணெய் கடைசியாக மாற்றியது எப்போது? பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் அப்படியே தரைக்குப் போகும், பிஸ்டன் நான்கு இருந்தாலும் எட்டு இருந்தாலும். நானுஓயாவின் ரதெல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ் ஒன்று வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கனரக வாகனத்தின் கதை வேறு, கார் கதை வேறு என்பது சரி. சரிவு ஒன்றுதானே. பழைய டைப்-ஆர் எடுப்பவர் டிஸ்க், பேட், எண்ணெய் மூன்றையும் மாற்றும் செலவை விலையோடு சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அடுத்தது டயர். என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். டைப்-ஆர் நிற்பது 20 அங்குல ரிம்மில், 245/30 டயரில். ரிம்முக்கும் தெருவுக்கும் இடையில் இருக்கும் ரப்பரின் உயரம் நான்கு விரல்கடைதான். மலையக வீதிகள் மழைக்கு ஒரு முறை உருமாறுபவை. நேற்று இல்லாத குழி இன்று இருக்கும்; மண்மேடு சரிந்த இடத்தில் கல் கிடக்கும்; மதகுக்குப் பக்கத்தில் தார் விளிம்பு உடைந்திருக்கும். மூடுபனியில் இவை எதுவும் தெரியாது. அப்படி ஒரு குழியில் 20 அங்குல ரிம் விழுந்தால் டயர் பக்கவாட்டில் வெடிக்கும், அல்லது ரிம் வளையும், பல நேரம் இரண்டும் நடக்கும். அந்த அளவு டயர் ஹற்றனிலோ பண்டாரவளையிலோ கடையில் தொங்காது. கொழும்பில் சொல்லிவைத்து எடுக்க வேண்டும். அதுவரை கார் கொட்டகையில். ஆர்.எஸ்.ஸின் 235/40, 18 அங்குல டயரும் மாட்டுவண்டிச் சக்கரம் அல்லதான். ஆனால் கையிருப்பில் தேடினால் கிடைக்கும் அளவு அது, குழியில் விழுந்தாலும் தாங்க கொஞ்சம் சதை இருக்கிறது.

இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. டைப்-ஆரின் பெரிய பிரேக்கில் உரசாமல் அதை உள்ளே ஏற்கும் 18 அங்குல ரிம்களும் இருக்கின்றன. உலகமெங்கும் எஃப்.கே.8 வைத்திருப்பவர்கள் பந்தயத்திடலுக்கென்றே அவற்றை மாட்டுகிறார்கள். நல்ல டைப்-ஆர் ஒன்று அகப்பட்டால் முதல் வேலையாக 18 அங்குலத்துக்கு இறங்கி, அசல் ரிம்களைத் துணி சுற்றி வீட்டில் வைத்துவிடலாம். விற்கும் நாளில் அவற்றுக்குத் தனி மதிப்பு இருக்கும். மருமகனிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. 20 அங்குல ரிம்மின் தோற்றத்துக்காகவும்தான் அவன் அந்தக் காரை விரும்புகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அகலத்தையும் சொல்ல வேண்டும். ஆர்.எஸ். 1,800 மில்லிமீற்றர், டைப்-ஆர் 1,875. ஏழரை சென்றிமீற்றர் வித்தியாசம் தாளில் ஒன்றுமில்லை. லிந்துலைப் பக்கத்தில் பஸ்ஸுக்கு இடம்விட்டு இடது சக்கரத்தைக் கானின் விளிம்பில் நிறுத்தும்போது அந்த ஏழரையும் வேண்டும். தோட்டத்துப் பாதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், இரண்டுமே போகாது. தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்கு இரண்டில் எதை எடுத்தாலும் பிரதான வீதியில் நிறுத்திவிட்டு முச்சக்கரவண்டியில்தான் ஏற வேண்டும். அப்படிப் போகும்போதும் டைப்-ஆரில் நான்கு பேருக்குத்தான் இடம். பின்னால் நடு இருக்கையே கிடையாது. அக்கா, அத்தான், அவன், அவன் மனைவி என்றால் குழந்தை யார் மடியில்?

எரிபொருள் வகையில் பெரிய வித்தியாசமில்லை. ஜப்பானில் இரண்டுக்கும் உயர்தரப் பெற்றோல்தான் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே இரண்டுக்கும் ஒக்டேன் 95 நிரப்ப வேண்டும். சிறு நகரத்து பெற்றோல் செட்டில் 95 இல்லாத நாளில் 92 நிரப்பினால் என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளத் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், வலு குறையும். அதிகம் இழப்பது அதிகம் வைத்திருப்பவன்தான்.

ஆர்.எஸ். பக்கம் உள்ள பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. ஹோண்டாவின் 1.5 லீற்றர் டர்போ என்ஜின் முந்திய தலைமுறையில், வட அமெரிக்காவிலும் சீனாவிலும் குளிர்ப் பகுதிகளில், என்ஜின் எண்ணெயில் பெற்றோல் கலக்கும் குறைக்குப் பேர்போனது. என்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் குறுகிய ஓட்டங்களை முடித்து நிறுத்துவது அதற்கு முக்கியக் காரணம். அக்கா மகனின் ஜனவரி மாதக் காலைகளை நினைத்துப் பாருங்கள்: நடுங்கும் குளிர், வீட்டிலிருந்து கடைக்கு ஒரு நடை, கடையிலிருந்து வங்கிக்கு ஒரு நடை. புதிய தலைமுறை என்ஜின் என்றாலும் அங்கே இருப்பவர் எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயின் மட்டம் ஏறியிருந்தாலோ பெற்றோல் மணத்தாலோ உடனே மாற்ற வேண்டும். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது தலவாக்கலை வரை ஓட்டிச் சூடேற்றுவதும் போதிய மருந்து. அப்படிக் கட்டாயப்படுத்தி ஓட்டச் சொல்லும் மருந்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்.

பழுதுபார்ப்பு என்று வரும்போது சிவிக்கின் சாதாரண பாகங்கள் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்; ஆர்.எஸ்.ஸின் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. டைப்-ஆரின் தனிப் பாகங்கள் அப்படியல்ல. மின்னணுக் கட்டுப்பாடுள்ள அந்த ஷொக் அப்சோபர் ஒன்று கசிந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், டொலர் விலையில். மலையகத்துக் கராஜ்களில் கைதேர்ந்த மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். லொறியின் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றுவார்கள். ஆனால் இந்தக் காரின் குறைகளைப் படிக்கத் தேவையான கணினிக் கருவியோடு இருப்பவர்கள் கண்டியிலும் கொழும்பிலும்தான் அதிகம்.

காப்புறுதி, லீசிங் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் கொடுக்கலாம் என்ற எல்லையை மத்திய வங்கி விதிக்கிறது. அதற்குள்ளும் பழைய காருக்கு நிதி நிறுவனங்கள் தயங்கும். டைப்-ஆர் எடுப்பவன் கைக்காசை அதிகம் வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் டைப்-ஆர் யாருக்கு? வீட்டில் வேறொரு வாகனம் இருப்பவருக்கு. காரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுப்பவருக்கு. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் ஒரு தடவையாவது பெயர் கொடுக்கும் ஆசை உள்ளவருக்கு. 1934 முதல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கடிகாரத்தோடு போட்டியிட்ட இடம் அது. 320 குதிரைவலுவுக்கும் அந்த டிஃபரென்ஷியலுக்கும் உரிய இடம் அப்படிப்பட்ட மூடிய பாதைதான். பொது வீதியில் அதைக் காட்ட முனைபவர்களுக்கு, ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயத்திலேயே என்ன நடக்கும் என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லில் பார்த்தோம். தடம் மாறிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு உயிர் போயிற்று.

மருமகன் இன்னும் மனம் மாறவில்லை. சரி, பார்க்கத்தான் போகிறாய் என்றால் இதையெல்லாம் பார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவுப் புத்தகத்திலுள்ள செஸி இலக்கமும் காரில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றா. முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா. மீற்றர் காட்டும் தூரத்தை நம்பாமல் சேவைப் பதிவுகளோடும் ஜப்பானிய ஏலத் தாளோடும் ஒப்பிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படி. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது, அந்த டயரோடு மழையில் இறங்காதே. இரண்டாம் கியருக்கு வேகமாக மாற்றும்போது உரசும் சத்தம் வருகிறதா என்று கேள். இந்தக் காரில் அதைப் பற்றிய முறைப்பாடு உலகமெங்கும் உண்டு. சைலன்சர் அசலா, மாற்றியிருந்தால் பழையது எங்கே. என்ஜின் கணினியில் யாராவது கைவைத்து வலுவைக் கூட்டி, விற்பதற்கு முன் பழைய நிலைக்கு மாற்றிவைத்திருக்கிறார்களா என்பதைக் கருவி போட்டுத்தான் பார்க்க முடியும். முன் பம்பரின் கீழ் விளிம்பைக் கையால் தடவிப் பார். மலைப்பாதையில் எவ்வளவு உரசியிருக்கிறது என்பதை அது சொல்லும்.

கடைசியாக, உரிமையாளரை அருகில் உட்காரவைத்துக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பார்க்கக் கேள். ஸ்டியரிங் நடுங்குகிறதா, பிரேக் பெடல் ஆழம் போகிறதா என்பது இறக்கத்தில் தெரிந்துவிடும். தரமாட்டேன் என்பவரிடம் விலை கேட்காதே. தருகிறேன் என்பவரிடமும் டிஸ்க், டயர், 18 அங்குல ரிம் மூன்றின் செலவைக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். அந்த விலைக்கு அவர் சம்மதிக்காவிட்டால் ஆர்.எஸ்.ஸுக்கு முற்பணம் கட்டிவிடலாம்.